முகம் சீனம், வாய் தமிழ்

மார்ச் 3, 2024, பினாங்கு

மாண்டரின் சீனம் படிக்க வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலி மலாய்க்காரப் பையன் ‘நீ ஹாவ்’ என்று வணக்கம் சொன்னதற்கே ஆசிரியை கைதட்டினார். அதையே நான் சொன்னால், ‘இந்த வயதில் இதுகூடத் தெரியாதா?’ என்று ஒரு பார்வை. முகம் அப்படி.

அந்தக் காலத்தில் வறுமையாலும், பெண் குழந்தை என்பதாலும் சீனக் குடும்பங்கள் சில பிள்ளைகளைத் தமிழர் வீடுகளில் கொடுத்துவிட்டன. நானும் அப்படி வந்தவள்தான். வளர்ந்தது எஸ்டேட் தோட்டத்தில், படித்தது தமிழ்ப்பள்ளியில். கோபம் வந்தால் திட்டுவதும் தமிழில்தான்.

மார்ச் 10

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்தது வம்பாகிவிட்டது. அப்பாவும் ‘பா’, பயமும் ‘பா’, தொனியும் ஒன்றே. மூச்சில்தான் வித்தியாசமாம். ஆசிரியை வாய்க்கு முன்னால் டிஷ்யூ தாளைப் பிடித்துக் காட்டினார். அப்பாவுக்கு அது அசையக் கூடாது, பயத்துக்குப் படபடக்க வேண்டும். எனக்கு இரண்டுக்கும் பறக்கிறது.

நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் மட்டும் சுலபமாக வந்தன. ‘ழ’ பழகிய நாக்கு அல்லவா! ஆனால் இந்த ஊர்ச் சீனர்களில் பலர் அப்படி மடிப்பதே இல்லை.

மார்ச் 23

மார்க்கெட்டில் கங்கோங் கீரைக்கு மாண்டரினில் விலை கேட்டேன். கிழவி “சா கோ” என்று ஆரம்பித்து, இன்னொரு சீனப் பேச்சான ஹொக்கியனில் ஏதேதோ பேசிக்கொண்டே போனார். நான் விழிப்பதைப் பார்த்துப் பேத்தி மாண்டரினில் “சான் குவாய்” என்றாள். கடைசியில் கிழவியே மலாயில் “தீகா ரிங்கிட்” என்றார். மூன்று வெள்ளிக் கீரைக்கு இத்தனை பாடு.

பினாங்குப் பெரியவர்களுக்கு ஹொக்கியன்தான் வீட்டுப் பேச்சு. சீனப் பள்ளிகளில் மாண்டரின் என்பதால் பேரப்பிள்ளைகள் அதற்கு மாறிவிட்டார்கள். என்னைப் பெற்றவள் பேசியதும் ஹொக்கியனாகவே இருந்திருக்கும். நான் காசு கட்டிப் படிப்பதோ பேத்தியின் பேச்சை.

ஏப்ரல் 4

இன்று சிங்மிங். சீனர்கள் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து படையல் வைக்கும் நாள். “உங்க ஆளுங்க கல்லறை எந்தப் பக்கம்?” என்று மாடிவீட்டு ஆன்ட்டி மலாயில் கேட்டார். எங்கள் அம்மாவுக்கு ஆடி அமாவாசையில்தான் படைப்போம் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 7

குடும்பப் பாடம். மூத்தவன் ‘கக’, இளையவன் ‘தீதீ’. அண்ணன் தம்பி என்று பிரித்தே வளர்ந்த எனக்கு இதில் சிரமமில்லை. எனக்கு இரண்டு அண்ணன்கள் என்று மாண்டரினில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆசிரியை தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். கைதட்டு இல்லை.

அடுத்த வாரம் எழுத்துத் தேர்வாம். ‘நான்’ என்று எழுதவே ஏழு கோடு இழுக்க வேண்டும்.