கோயில் குளிசையும் என் பீரியட்ஸும்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் கொடியேறுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே எங்கள் குசினிக் கலண்டரில் அம்மா சிவப்புப் பேனையால் புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார். திருவிழா 25 நாள். தேர் என்றைக்கு, தீர்த்தம் என்றைக்கு, அந்த நாட்களில் வீட்டில் யாருக்குத் துடக்கு வரும் என்று விரல் மடித்து எண்ணிப் பார்த்து, இடிக்கிறது என்றால் நேரே பார்மசிக்குத்தான். சின்ன வெள்ளைக் கடதாசிப் பையில் குளிசை வரும். காலை, மதியம், இரவு என்று பையின் மேல் பேனையால் மூன்று கோடு. எங்கள் வீட்டில் அதற்குக் கோயில் குளிசை என்றே பெயர். அக்காவின் கலியாணத்துக்கும் அதுதான், மச்சாளின் வீடு குடிபூரலுக்கும் அதுதான். வேண்டாத நாளில் பீரியட்ஸ் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பெண்களுக்கு உப்புப் புளி மாதிரி சாதாரண விசயம்.

நான் ஒரு திருநம்பி, பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்ட ஆண். 12 வயதில் எனக்குச் சாமத்தியவீடு செய்தார்கள், அந்த அல்பம் இன்னும் ஹோல் அலுமாரியில் இருக்கிறது, நான் திறப்பதில்லை. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐந்து நாள் என் உடம்பு எனக்குச் சொந்தமில்லாத ஒன்றாக மாறிவிடும், வயிற்றுவலி ஒரு பக்கம், யாருக்கோ நடப்பதை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருப்பது போன்ற ஒன்று இன்னொரு பக்கம். 24 வயதில் அதே கோயில் குளிசையை எனக்கென்று கேட்டபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் அது ஆபத்தான மருந்தாகத் தெரிந்தது. தேருக்கு நிறுத்தலாம், எனக்கு நிறுத்தக் கூடாது என்பதை என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் ஒரு தம்பி என்னிடம் கேட்டது. "அண்ணா, ரீ ஊசி தொடங்கினால்தானே நிக்கும்? வீட்டில சொல்லாம அதைத் தொடங்கேலாது. அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?" ரீ என்றால் டெஸ்டோஸ்டிரோன், ஆண் ஹோர்மோன். நானும் மூன்று வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனநல வைத்தியர், கடிதம், 2016 இல் இருந்து கொடுக்கிற பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ், பிறகு டெஸ்டோஸ்டிரோன், அதற்குப் பிறகுதான் பீரியட்ஸ் நிற்கும் என்று எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தேன். அப்படி இல்லை. பீரியட்ஸை நிறுத்துவது தனி, டெஸ்டோஸ்டிரோன் தனி. முதலாவதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை, ஒரு வைத்தியரும் ஒரு மருந்துத் துண்டும் போதும்.

அந்த மூன்று வருடத்தில் ஒரு இரவை மட்டும் சொல்கிறேன். கொழும்பு பஸ். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தினார்கள், எல்லோரும் இறங்கிக் கால் கழுவிக் கற்பூரம் கொளுத்தப் போனார்கள், நான் சீட்டிலேயே இருந்தேன், கோயிலுக்காக இல்லை, எழுந்தால் காற்சட்டையில் கறை தெரியுமோ என்ற பயத்தில். பிறகு நடுச்சாமத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றபோது வேறு வழியில்லாமல் ஆண்கள் பக்கம் போனேன். இருந்த ஒரே கதவுக்குக் கொழுக்கி இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பாட் மாற்றினேன். உறையைப் பிய்க்கிற அந்தச் சரசரப்புச் சத்தம் வெளியே நிற்பவனுக்குக் கேட்கக் கூடாதென்று இருமினேன். குப்பை வாளி கிடையாது. பழையதைப் பேப்பரில் சுற்றி, ஷொப்பிங் பையில் முடிந்து, பாக்கின் அடியில் வைத்துக் கொழும்புவரை கொண்டுபோனேன். அன்றைக்குத்தான் இனி இது வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

ஆனால் தொடக்கம் பிழையாகப் போனது. வைத்தியரிடம் போகாமல் நானே பார்மசியில் நோரெதிஸ்டிரோன் வாங்கினேன். பிரிமொலுட் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியுமே, அதுதான் நம் கோயில் குளிசை, 5 மில்லிகிராம். தள்ளிப்போடுவதற்கு என்றால் பீரியட்ஸ் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கி ஒரு நாளைக்கு மூன்று முறை போடுவார்கள், நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். நான் அதைக் காசிருக்கும்போது மூன்று, காசில்லாதபோது ஒன்று, சில நாள் மறந்து, இப்படி இரண்டு மாதம் போட்டேன். கடைசியில் பதினொரு நாள் விடாமல் இரத்தம் போனது. குளிசையில் குற்றமில்லை. கருப்பையின் உள்படலத்தைப் புரொஜெஸ்டோஜன், அதாவது இந்தக் குளிசையில் இருக்கிற வகை ஹோர்மோன், தாங்கிப் பிடித்திருக்கும்வரைதான் அது உதிராமல் நிற்கும், இடையில் விட்டால் உதிரத் தொடங்கிவிடும். பிறகு பார்த்த வைத்தியர் படம் கீறி விளக்கினார். நீண்ட காலத்துக்கு என்றால் பெரும்பாலும் நாளுக்கு ஒன்றே போதும், ஆனால் ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல் என்றார். ஈரல் வருத்தம், இரத்தக்கட்டி வந்த சரித்திரம் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், அதனால் தயவுசெய்து நான் செய்ததுபோல நீங்களே வாங்கிப் போடாதீர்கள். இன்னொன்று, இந்த 5 மில்லிகிராம் குளிசையைக் கருத்தடை என்று நம்பவும் வேண்டாம்.

படம் கீறி விளக்கியவரிடம் போவதற்கு முன் வேறொரு வைத்தியரிடமும் போயிருந்தேன். "கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும் பிள்ளை" என்று சொல்லி, இரும்புச்சத்துக் குளிசை எழுதி அனுப்பினார். அந்த வசனம் உங்களுக்கும் கிடைக்கலாம். கிடைத்தால் எழுந்து வந்து அடுத்தவரைப் பாருங்கள், அந்த ஒருவரோடு வழி மூடிவிடாது.

குளிசைக்குப் பிறகு எனக்கு ஒத்துவந்தது டெப்போ. நம் ஊரில் மூன்று மாத ஊசி என்றால் எல்லா அம்மாமாருக்கும் தெரியும், எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குகளில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போடுவது. 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் மருந்துப் பெட்டி இருக்காது, தினமும் நினைவு வைக்கத் தேவையில்லை, யாரும் அலுமாரியைக் கிண்டிப் பிடிக்க முடியாது. வீட்டுக்குத் தெரியாமல் இருக்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் உடனே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் ஊசிக்குப் பிறகு எனக்கு ஏழெட்டுக் கிழமை சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். இரண்டாவதுக்குப் பிறகு நின்றது. ஒரு வருடம் தொடர்ந்து போட்டால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முழுதாக நின்றுவிடுகிறது, அதற்குமேல் போட இன்னும் கூடும். குறையும் உண்டு. எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், விட்டபிறகு பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாலும் வருடக்கணக்கில் போடுவதென்றால் அதைக் கதைத்தே ஆகவேண்டும். சிலருக்கு நிறை கூடும், எனக்கு நாலு கிலோ கூடியது.

ஊசி போட்ட இடத்தில் இருந்த நேர்ஸ் அக்காவை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். முதல் நாள் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழுந்த விதத்தையும் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததையும் அவர் கவனித்திருக்க வேண்டும். அடுத்தமுறை "இருபத்திமூன்று" என்று இலக்கத்தை மட்டும் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் எதுவும் கேட்டதில்லை.

சரி, மற்றவை. கருப்பைக்குள் வைக்கிற லூப் என்று சொல்லும்போது கவனம். குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்கில் லூப் என்றால் வழக்கமாகச் செம்பு லூப், அது இரத்தப்போக்கைக் கூட்டும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ஹோர்மோன் உள்ள லூப் வேறு, மிரீனா என்பார்கள், 52 மில்லிகிராம் லெவொனோஜெஸ்ட்ரல் உள்ளே இருந்து மெல்ல மெல்ல வெளியேறும். ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு முழுதாக நிற்கும், மற்றவர்களுக்கு நன்றாகக் குறையும், பல வருடம் வேலை செய்யும். எனக்கு அதை வைக்கும் பரிசோதனையை நினைக்கவே உடம்பு நடுங்கியது, அதனால் வேண்டாம் என்றேன். அதைத் தாங்கக்கூடியவர்கள் விறைப்பு மருந்தோ மயக்கமோ கொடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள், கேட்பதில் பிழையில்லை. கையில் தோலுக்குக் கீழே வைக்கும் குச்சி, ஜடெல், ஐந்து வருடம் இருக்கும், ஆனால் எப்போது படும் எப்போது படாது என்று சொல்ல முடியாது, நிறுத்துவதற்கென்று அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மிதுரி மாதிரியான கருத்தடைக் குளிசைகளிலும் வழி இருக்கிறது. அந்தப் பெட்டியில் 21 ஹோர்மோன் குளிசை, கடைசி ஏழும் வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில்தான் இரத்தம் வருவது. ஏழையும் விட்டுவிட்டு நேரே அடுத்த பெட்டியைத் தொடங்கினால் வராது, இடையில் கொஞ்சம் பட்டாலும் போகப்போகக் குறையும். இதில் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதே என்று நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. கண்ணில் மின்னல் அடித்து வருகிற ஒற்றைத் தலைவலி, கூடிய பிரசர், 35 வயதுக்கு மேல் சிகரெட், இவற்றில் எது இருந்தாலும் இது உங்களுக்கு இல்லை. எந்த ஹோர்மோன் குளிசை போட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, நெஞ்சு நொந்து மூச்சு முட்டினாலோ, தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஹோர்மோனே எடுக்க முடியாதவர்களுக்கு மெபெனமிக் அசிட் வலியையும் ட்ரனெக்சாமிக் அசிட் போக்கையும் குறைக்கும், நிறுத்தாது.

இப்போது டெஸ்டோஸ்டிரோன். நான் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பலருக்கு ஆறு மாதத்துக்குள் பீரியட்ஸ் நின்றுவிடும், சிலருக்கு ஒரு வருடமும் எடுக்கும், முதல் இரண்டு மூன்று மாதம் வழமைபோல வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. என் நண்பன் ஒருவன் பொறுமையிழந்து தானே அளவைக் கூட்டினான். கூடுதலாகப் போகிற டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும், இரத்தமும் தடித்துவிடும், அவனுக்கு ஹீமோகுளோபின் எகிறி ஊசியையே சிலகாலம் நிறுத்தவேண்டி வந்தது. நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதைவிட முன்னே சொன்ன நோரெதிஸ்டிரோனையோ டெப்போவையோ கூடவே எடுக்கலாம். அவை டெஸ்டோஸ்டிரோனின் வேலையைக் கெடுக்காது. குரல், மீசை எல்லாம் வரவேண்டியபடி வரும்.

கூச்சப்படாமல் இதையும் சொல்லவேண்டும். பீரியட்ஸ் நின்றாலும் டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை இல்லை. இரத்தம் வராவிட்டாலும் முட்டை வெளிவரலாம், கரு தங்கலாம், அந்தக் கருவுக்கு டெஸ்டோஸ்டிரோன் கெடுதல். உங்கள் வாழ்க்கையில் அதற்கு இடமிருந்தால் வேறு பாதுகாப்பு வேண்டும். டெப்போ இரண்டையும் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் இன்னொரு நன்மை. அதேபோல ஒரு வருடம் எதுவும் படாமல் இருந்துவிட்டுத் திடீரென்று இரத்தம் கண்டால் ஊசி பிந்தியது காரணமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், காட்டாமல் விடாதீர்கள். கருப்பை வாய்ப் பரிசோதனையும் நமக்குத் தேவைதான், அதைச் செய்யும் கிளினிக்கின் பெயரே சுகவனிதையர் என்று இருப்பது தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது, ஆனாலும் போகவேண்டும்.

கருப்பையை எடுக்கும் சத்திரசிகிச்சைதான் நிரந்தரமானது. நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. சூலகத்தை விட்டு வைப்பதா எடுப்பதா என்பது தனிக் கேள்வி, சூலகம் இரண்டையும் எடுத்துவிட்டு இடையில் டெஸ்டோஸ்டிரோன் கிடைக்காமல் போனால் எலும்புக்கு எந்த ஹோர்மோனும் இல்லாமல் போய்விடும். மருந்துத் தட்டுப்பாட்டை 2022 இல் கண்ணால் கண்ட நாட்டில் இருந்துகொண்டு அதை யோசிக்காமல் இருக்க முடியாது. அதற்காக, தெளிவாக முடிவெடுத்த ஒருவரிடம் பொறு பொறு என்று சொல்கிற ஆள் நானில்லை.

இந்த வருடமும் அம்மா கலண்டரில் புள்ளி வைத்தார். முன்பு என் நாளையும் சேர்த்து எண்ணுவார், இந்தமுறை அக்காவுடையதை மட்டும் எண்ணிவிட்டுப் பேனையை மூடினார். அதைப்பற்றி அவர் எதுவும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், அதனால் நான் வெளிவீதியில் நின்றுதான் தேர் பார்த்தேன். அம்மா உள்ளே போய்விட்டு வந்து எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

அந்தத் தம்பி வியாழக்கிழமை வைத்தியரைப் பார்க்கப் போகிறான், நானும் கூடப் போகிறேன். கடைசி பீரியட்ஸ் வந்த திகதி, போடுகிற மற்ற மருந்துகள், வீட்டில் யாருக்காவது இரத்தக்கட்டி வந்ததா என்பதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். "எனக்குப் பீரியட்ஸ் நிக்க வேணும்" என்ற வசனத்தையும் மேலே எழுதச் சொன்னேன், உள்ளே போனதும் வாய் அடைத்துவிட்டால் கடதாசியை நீட்டலாம். உங்களில் யாருக்காவது வைத்தியரிடம் கேட்க ஏதும் இருந்தால் புதன்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள், சேர்த்துக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.