மாமரத்தடிச் சருகும் ஆறுமணிக்குருவியும்

வடக்கே இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்றாலும், கோவையின் மார்கழி எங்களுக்குக் குளிர்காலம்தான். விடியற்காலையில் 18 டிகிரியை ஒட்டி நிற்கும் குளிருக்கு ஒரு சால்வையும் ஒரு டம்ளர் காப்பியும் போதும். கொல்லைப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் இன்னும் மிச்சமிருப்பதால் தண்ணீர் பாய்ச்சும் வேலையும் குறைவு. தோட்டம் என்னிடம் வேலை வாங்காமல், சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிற மாதங்கள் இவைதாம்.

ஆடியில் ஊன்றிய அவரை பந்தலை மூடிப் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. சுற்றுச்சுவர் ஓரத்தில் டிசம்பர் பூ. பனி இறங்கியதும் வழக்கம்போல் அவரைக் கொழுந்தில் அசுவிணி கறுப்பாக அப்பிக்கொண்டது. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்க வேண்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது, பந்தலுக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போல ‘டக்... டக்’ என்று ஓர் ஒலி வரத் தொடங்கியது. ஒலிக்குரியவரைக் கண்ணால் காண எனக்கு நான்கு நாள் ஆயிற்று. மங்கிய பழுப்பு நிறத்தில், சிட்டுக்குருவியைவிட ஒல்லியாக இருந்த அது நாணல் கதிர்க்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு கிராம் உடம்போடு குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வரும் விருந்தாளி. பந்தலின் பூச்சிகளை அது ஒன்றே தின்று தீர்த்தது என்று சொல்ல மாட்டேன், பொறிவண்டுகளும் வந்திருந்தன. எப்படியோ, இந்த ஆண்டு மருந்துத் தெளிப்பானை நான் கையில் எடுக்கவில்லை.

ஆனால் இந்தக் குளிர்காலத்தை எங்கள் வீட்டில் ஆண்டது, அவரைப் பந்தல் அல்ல, மாமரத்தடியில் கிடக்கும் சருகுக் குவியல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதுகுவலியால் ஒரு மாதம் கொல்லையைப் பெருக்க முடியாமல் போனபோது சேர்ந்தது அது. வாசல் தெளித்துக் கோலமிடாமல் காப்பி குடிக்காத அம்மாவுக்கு அந்தச் சருகைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும். போகிக்குள் அள்ளிக் கொளுத்திவிட வேண்டும் என்று அவர் நாள் குறித்திருந்த சமயத்தில்தான், ஒரு மாலையில் மரத்தடியிலிருந்து ‘வீட்... டியூ’ என்று இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது.

ஆறுமணிக்குருவி. பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். முதுகு பச்சை, தோளில் மினுங்கும் நீலம், கண்ணை மறைத்துக் கட்டியது போல் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவையும் உடுத்திக்கொண்டு, வால் மட்டும் துணி போதாமல் வெட்டிவிட்டது போலக் குட்டையாக இருக்கும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேரும். இத்தனை நிறத்தோடும் அது சருகுக்குள் நின்றுவிட்டால் கண்ணுக்குத் தட்டுப்படாது. அலகால் ஓர் இலையைப் புரட்டும், தத்தும், நிற்கும், குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும், அடுத்த இலையைப் புரட்டும். அடியில் இருக்கும் புழுவும் பூச்சியும்தான் அதன் சாப்பாடு. பறவைகளுக்கென்று நான் முன்பு தட்டில் வைத்த கம்புக்கு மாடப்புறாக்கள் மட்டுமே வந்தன. புழு பூச்சி தின்னும் இந்தக் குளிர்கால விருந்தினர்க்குத் தானியத்தால் பயனில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. இப்போது ஆழமில்லாத ஒரு மண்தட்டில் தண்ணீர் மட்டும் வைக்கிறேன்.

காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி அது குரல் கொடுக்கும். அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, “அவன் கூப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு விளக்கேற்றப் போகத் தொடங்கினார். இந்தப் போகிக்குப் பழைய பாயும் துடைப்பமும் வெளியே போயின. சருகைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இணையத்தில் பதிவிட்டால் போதும். மாட்டுப் பொங்கலன்று காலை எட்டு மணிக்கு அம்மாவும் நானும் கொல்லைப்படியில் உட்கார்ந்தோம். தவிட்டுக்குருவி ஏழு, தேன்சிட்டு இரண்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, செம்போத்து, பந்தலுக்குள் அந்த ‘டக்’ என்று பதினொரு வகை தேறின. ஆறுமணிக்குருவி மட்டும் வரவில்லை. நேற்று வரை இருந்ததுதானே, சேர்த்து எழுது என்றார் அம்மா. அப்படி எழுதக் கூடாது என்றேன், முகம் வாடிவிட்டது.

அன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் குரல் கேட்டது. தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “இப்போதிருந்து பதினைந்து நிமிடம் எண்ணு” என்றார்.