செட்டை முறியாதா மாமா?

முதல் விமானப் பயணத்தில் இறக்கை மேலும் கீழும் ஆடியதைக் கண்டு மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்தவன் நான். தேங்காய் இன்னும் பாக்கி.

நேற்று கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கும்போது அக்காவின் மகன் அதையே கேட்டான். "செட்டை முறியாதா மாமா?"

முறியாது. உள்ளே நீளவாக்கில் 'ஸ்பார்' என்ற உத்தரம், குறுக்கே விலா எலும்பு மாதிரிச் சட்டங்கள், அவற்றைப் போர்த்திய தகடு. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அடித்தகடு இழுபடும், மேல்தகடு நெரிபடும். எரிபொருளை இறக்கைக்குள் வைப்பதும் சும்மா இல்லை, அந்தப் பாரம் வளைவைக் குறைக்கும். 1995இல் போயிங் 777இன் இறக்கையைச் சோதனைக்காக வேண்டுமென்றே வளைத்து முறித்தார்கள். பறப்பில் எதிர்பார்க்கும் உச்சப் பாரத்தைப் போல 1.54 மடங்கு ஏற்றிய பிறகுதான் முறிந்தது; விதி கேட்பது 1.5.

"அப்ப நீங்க ஏன் பயந்தீங்க?"

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.