நடை பழகிவிடும், மகஜர்தான்

வனக் காப்பாளர் வேலைக்குப் படிக்கிறேன் என்றால் எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் எல்லாரும் முதலில் கேட்பது நடையைப் பற்றித்தான். 4 மணி நேரத்தில் பெண்களுக்கு 16 கிலோமீட்டர், ஆண்களுக்கு 25. விடியற்காலையில் பஞ்சப்பள்ளி சாலையில் நடக்கிறேன், அது பழகிவிடும். எழுத்துத் தேர்வு இப்போது குரூப் 4-லேயே வந்துவிட்டது, அதையும் படித்துவிடலாம். எனக்குப் பயமெல்லாம் மகஜர், அதாவது சம்பவ இடத்தில் பார்த்ததையும் கைப்பற்றியதையும் சாட்சிகள் முன்னால் பதிந்து வைக்கும் அறிக்கை, அதை எழுதுவதில்தான்.

2023 மார்ச்சில் எங்கள் பக்கத்து நிலம் ஒன்றில் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் பிழைத்தன. அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த வேலை. சோலார் வேலி விட்டு விட்டு அடிக்கும், யானை பயந்து விலகிப் போய்விடும். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு நேரே கம்பியில் விட்ட மின்சாரம் அப்படி இல்லை, தொட்ட இடத்திலேயே உயிர் போய்விடும், யானையானாலும் மனுஷனானாலும்.

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் 50-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சோதனை போடவும், பொருளைக் கைப்பற்றவும், ஆளைப் பிடிக்கவும் போலீஸில் எஸ்.ஐ. முதல் மேலே உள்ளவர்களுக்குத்தான் அதில் அதிகாரம், வனத்துறையிலோ எந்த வன அலுவலருக்கும் உண்டு. யானையைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. இவ்வளவு பெரிய தண்டனை கொடுக்க வேண்டிய வழக்கு, காட்டோரத்தில் டார்ச் வெளிச்சத்தில் யாரோ ஒரு காப்பாளர் எழுதிய 2 பக்கத்தை நம்பித்தான் கோர்ட்டுக்குப் போகிறது என்பதை நினைத்தால் கை நடுங்குகிறது.

ஓய்வு பெற்ற வனவர் ஒருவர் ஞாயிறுதோறும் எனக்குச் சொல்லித் தருகிறார். எங்கள் கொல்லையையே சம்பவ இடமாக வைத்து எழுதச் சொன்னார். "கொஞ்சம் கம்பி" என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டார். எத்தனை மீட்டர், என்ன கம்பி, எந்தக் கம்பத்திலிருந்து இழுத்தது, சர்வே எண், நான்கெல்லை, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தோம், சாட்சிகள் கையெழுத்து, எல்லாம் அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டுமாம். ஆபீஸுக்கு வந்து ஞாபகத்தில் எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது என்றார்.

போன வருஷம் எங்கள் கேழ்வரகை யானைக் கூட்டம் மிதித்துப் போட்டபோது இரவெல்லாம் தகரம் தட்டிக்கொண்டு நின்றவர் அப்பா. என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "கிழக்கால நம்ம எல்லை ஓடை இல்லம்மா, புறம்போக்கு. மாத்தி எழுது" என்றார். மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.