பாட்டு வேண்டாமா, தாதா?

படத்தைக் காட்டிக் கதையைப் பாடும் வங்காளப் பட்டுவாக்களின் 12 கட்டச் சுருளை என் கடைக்காக 5 கட்டமாக்கித் தரச் சொன்னது சரியா என்று இன்னும் பிடிபடவில்லை. மேற்கு வங்காளத்து நயா கிராமத்தில் அதை வரையும் தீதி (அக்கா) மறுக்கவில்லை. "பாட்டு வேண்டாமா, தாதா?" என்று மட்டும் கேட்டார்; தாதா என்றால் அங்கே அண்ணன். படம் போதும் என்றேன்.

கடைக்காரனான என் பக்கமும் நியாயம் உண்டு. 15 அடிச் சுருளை எந்தச் சுவரில் மாட்டுவது? சுருட்டியே வைத்தால் சாயம் போகும். சங்குப்பூ நீலம், அவரை இலைப் பச்சை, மஞ்சள், விளக்குக் கரி எல்லாவற்றையும் பிடித்துவைப்பது வில்வக்காய் விதையைச் சுற்றியிருக்கும் பிசின்தான். சிரட்டையில் குழைக்கும்போது பிசின் குறைந்தால் சாயம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். கூடினால் சுருட்டுகிற இடத்தில் வெடிக்கும். தாளுக்குப் பின்னால் பழைய பருத்திச் சேலையை ஒட்டுவது அதைத் தாங்கத்தான். நடுவில் காற்றுக் குமிழ் நின்றால் முதல் விரிசல் அங்கேதான் விழும். சட்டம் போட்டு மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. வெளிச்சம் பட்டால் சங்குப்பூ நீலம் வெளுக்கும் என்பதும் தெரிந்துதான் கேட்டேன்.

பாம்புத் தெய்வம் மனசாவின் கதையில் எந்த ஐந்து? இரும்பறை, பாம்பு, வாழைத்தண்டுத் தெப்பம், தேவசபையில் கணவன் உயிருக்காகப் பெஹுலா ஆடும் நடனம், உயிர்த்தெழும் கணவன் லக்கிந்தர். மனசாவை வணங்க மறுத்துவந்த வணிகர், லக்கிந்தரின் அப்பா சாந்த் சதாகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடக்கையால் மனசாவுக்குப் பூப் போடும் கட்டத்தை விட்டுவிட்டோம். அலங்காரமில்லாத கட்டம், விற்காது. ஆனால் அந்த ஒரு பூவுக்காகத்தானே அத்தனை சாவும்.

குறுஞ்சுருளைத் தீதி ஒருமுறை பாடிப் பார்த்தார். கட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டே பாடுவது வழக்கம். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. பாட்டில் அடிகள் மிச்சமிருந்தன, படம் இல்லை. சிரித்துக்கொண்டே சுருட்டிவிட்டார். பாட்டின் கடைசியில் பாடுபவர் தன் பெயரையும் ஊரையும் சொல்வார். அதுவரை போகவில்லை.

பட்டுவாக்கள் எதையும் மாற்றாதவர்கள் அல்ல. 2004 சுனாமிக்கே சுருளும் பாட்டும் கட்டியவர்கள். குறுஞ்சுருள் வேகமாக விற்கிறது, ஆர்டரும் நிற்கவில்லை. 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அட்டையில் 'வங்காளப் பட்டச்சித்திரம்' என்று அச்சடிக்கிறோம்.

வீடுவீடாகப் போன காலத்தில் கூலி பாட்டுக்குத்தான். அரிசியோ காசோ வாங்கிக்கொண்டு, சுருளை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். எங்கள் ரசீதில் பாட்டுக்கு என்று ஒரு வரி இல்லை. வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதில் எவ்வளவு எழுதியிருப்பேன்?