லண்டன்–பாரிஸ்: பறப்பது முக்கால் மணி, போய்ச் சேர ஐந்தரை மணி

ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 348 கி.மீ. காரில் போனால் ஏறக்குறைய 460, யூரோஸ்டார் ரயில் பாதை 492. இந்த 348-ஐ விமானத்தின் மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, 'அரை மணிகூட ஆகாதே' என்று நினைப்பதில்தான் கணக்கு பிசகுகிறது. விமானம் மேலேறி நிமிர்ந்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். முழு வேகத்தில் ஓட இடமே இல்லை. ஆக, வானத்தில் இருப்பது 45–50 நிமிடம். டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று இருப்பது ஒரு கேட்டிலிருந்து நகர்ந்து அடுத்த கேட்டில் நிற்கும்வரை. ஹீத்ரோ ஓடுபாதை வரிசையும், பாரிஸில் தரையிலேயே ஊர்ந்துபோகும் தூரமும் அதற்குள் அடக்கம்.

பாரிஸ் நேரம் 1 மணி முன்னே. 9:00-க்குக் கிளம்பி 11:20-க்கு இறங்கும் என்றால் பயணம் 1 மணி 20 நிமிடம்தான். திரும்பும்போது 7:30-க்குக் கிளம்பி 7:50-க்கு வந்துவிடுவதாகக் காட்டும். சந்தோஷப்பட வேண்டாம், அதுவும் அதே நேரம்தான். கோடை, குளிர்கால மாற்றத்தை இரு நாடுகளும் ஒரே கணத்தில் செய்வதால் இந்த ஒரு மணி ஆண்டு முழுக்க மாறாது.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையம்வரை கூட்டிப் பாருங்கள். பிக்கடில்லி லைன் சுரங்க ரயிலில் ஹீத்ரோவுக்கு 1 மணி, விமான நிலையத்தில் 2 மணி, விமானம் 1:20, பாஸ்போர்ட் வரிசையும் வெளியே வருவதும் முக்கால் மணி, ஆர்.இ.ஆர். பி ரயிலில் 35–40 நிமிடம். ஐந்தரை மணியைத் தாண்டும். யூரோஸ்டாரில் ஒரு மணி முன்னால் போனாலும் மூன்றரை மணிக்குள் முடியும். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை லண்டனில் ரயில் கிளம்பும் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலேயே நடப்பதால் பாரிஸில் இறங்கினால் நேரே வெளியே. தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பல் பகுதி அங்கிருந்து நடக்கும் தூரம். 100 மி.லி. கட்டுப்பாடும் கிடையாது, திரும்பும்போது நல்லெண்ணெய் போத்தலைக் கையிலேயே கொண்டுவரலாம்.

மலிவு டிக்கெட்டில் 'பாரிஸ்' என்று போட்டிருந்தால் விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள். போவே என்றால் நகரத்துக்கு வெளியே 80 கி.மீ.க்கு மேல், பஸ்ஸிலேயே ஒன்றேகால் மணி போய்விடும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் பிரிட்டனில் வதிவிட உரிமை இருந்தாலும் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். அதைப் பார்க்காமல் செக்-இன் மேசையிலிருந்து திரும்பியவர்கள் உண்டு.

தாமத இழப்பீட்டுக்கும் இதே நேர்கோட்டுத் தூரம்தான் அளவு. 1,500 கி.மீ.க்குள் என்பதால், விமான நிறுவனத்தின் தவறால் 3 மணியோ அதற்கு மேலோ தாமதமானால், பாரிஸிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு ஐரோப்பிய விதிப்படி 250 யூரோ. சக்கரம் தரையைத் தொட்டதை வைத்துக் கணக்கிட மாட்டார்கள். 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னபடி, ஒரு கதவாவது திறந்து பயணிகளை இறங்கவிடும் நேரமே வந்துசேர்ந்த நேரம். 2 மணி 55 நிமிடத் தாமதத்தில் இறங்கி, கதவு திறக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால், கதவு திறக்கும்போது கைபேசியில் மணியைப் படம் எடுத்துவிடுங்கள்.