ஆனியின் பத்து டாலர்

அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து ரயில் அரை மணிக்குள் கோவ் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. ('கோவில் இறங்கினேன்' என்று எழுதினால் சாமி கும்பிடப் போனதாக நினைப்பீர்கள்.) மேட்டில் பேராலயம், சரிவில் கலர் கலராக வீடுகள், எதிரே கடல். 1848 முதல் 1950 வரை சுமார் 25 லட்சம் அயர்லாந்துக்காரர்கள் இங்கே கப்பலேறினார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு உற்றார் உறவினர் கூடி விடிய விடிய விழித்திருப்பார்களாம். அதற்குப் பெயர் 'அமெரிக்கன் வேக்'. வேக் என்பது பிணத்தைக் கிடத்திவிட்டுக் கண்விழிக்கும் இரவு. ஆடிப்பாடினாலும் அது எழவு வீடுதான், போனவர் திரும்பமாட்டார்.

கரையோரம் ஆனி மூர் இரண்டு தம்பிகளோடு சிலையாக நிற்கிறாள். அப்பா அம்மா முன்னமே நியூயார்க் போய்விட்டார்கள். பின்னாலேயே பிள்ளைகள் மூவரும் 'நெவாடா' கப்பலில் போனார்கள். 1892 ஜனவரி 1, நியூயார்க்கில் வந்திறங்கும் குடியேறிகளைப் பதிவு செய்யும் எல்லிஸ் தீவு நிலையம் திறந்த நாள். முதல் பதிவு அவளுடையது. கையில் 10 டாலர் தங்கக் காசு கொடுத்தார்கள். வயது 17. பத்திரிகைகள் 15 ஆக்கி, அன்றைக்கே பிறந்தநாள் என்றும் சேர்த்துக்கொண்டன.

சிலையடியில் நின்றபோது, போன வருடம் நியூயார்க்கில் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஆனி வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடில், ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் குடியிருப்பை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு 325 சதுர அடி, மூன்று அறை. வெளிச்சம் முன்னறைக்கு மட்டும். எனக்கே மூச்சு முட்டியது. ஆனி இதே பேட்டையில்தான் கடைசிவரை இருந்தாள். குறைந்தது 11 பிள்ளைகள் பெற்றாள். வளர்ந்து ஆளானது ஐந்துதான். 1924இல், ஐம்பது வயதில், இதயம் நின்றுபோனது.

இதைவிட வேடிக்கை, பல வருடங்கள் உலகம் வேறொரு ஆனி மூரைத்தான் இவளென்று நம்பியது. அந்த ஆனி டெக்சாஸ் போனவள். அயர்லாந்தில் பிறந்தவளே இல்லை. பரந்த மேற்கில் போய் வாழ்ந்த கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது போல. 2006இல்தான் குட்டு உடைந்தது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கால்வரி கல்லறைத் தோட்டத்துக்கும் போயிருந்தேன். நிஜ ஆனி புதைந்த இடத்தில் 2008 வரை பெயர்க்கல்கூட இல்லை. இப்போது அயர்லாந்துச் சிலுவை ஒன்று நட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் மன்ஹாட்டன் மொத்தமும் தெரிகிறது. அவள் குடியிருந்த தெரு எந்தப் பக்கம் என்று தேடிப்பார்த்தேன். கோபுரம் கோபுரமாகக் கட்டடங்கள்தான் கண்ணில் பட்டன.